சீட் கிடைத்தது... பாடம் கிடைத்ததா?

நவம்பர் பருவத்தேர்வு. பெரிய கூடத்தில் நூறு பேர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வராந்தாவின் கோடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மாணவி, ஒரு மாணவன், ஒரு கண்காணிப்பாளர். மாணவிக்குப் பார்வை இல்லை. தமிழ் இலக்கியம் மூன்றாம் ஆண்டு. அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறவன் வணிகவியல் முதலாண்டு.

“அறுசீர்க் கழிநெடிலடி ஆசிரிய விருத்தம்” என்கிறார் அவர். பேனா நின்றுவிடுகிறது. “அக்கா, இதுல எங்க சின்ன ர, எங்க பெரிய ற?” எழுத்தெழுத்தாகச் சொல்லி முடிப்பதற்குள் மனத்தில் கோத்து வைத்திருந்த அடுத்த வாக்கியம் கலைந்துபோகிறது. “எங்கப்பா விட்டோம்? கடைசி வரியைப் படி.” அவன் படிக்கிறான். சந்தி எல்லாம் தப்பு. திருத்தவா, மேலே போகவா? கடிகாரம் ஓடுகிறது.

காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை என்றில்லை; தமிழ்நாட்டின் எந்தக் கல்லூரியிலும் தேர்வு நாளில் இந்த அறையைப் பார்க்கலாம். அரசு ஆணைகள் ‘சொல்வதை எழுதுபவர்’ என்று குறிப்பிடும் அந்த ‘ஸ்க்ரைப்’ பெரும்பாலும் முந்தின நாள் மாலை வரை யார் என்றே தெரியாது. மாணவியின் மூன்றாண்டுப் படிப்பு, அவருக்கு அறிமுகமே இல்லாத ஒருவரின் கையெழுத்தில் விடைத்தாளாகிறது. திருத்துகிறவர் பிழைக்கு மதிப்பெண் குறைக்கிறார். யாருடைய பிழைக்கு?

நம் உயர்கல்வி மாற்றுத்திறனாளிகளுக்கு இடம் தருகிறதா என்ற பேச்சு வரும்போதெல்லாம் இடஒதுக்கீடு, சாய்தளம் என்ற இரண்டோடு நின்றுவிடுகிறோம். இரண்டும் வாசல் வரைக்குமானவை. வாசலைத் தாண்டிய பிறகு புத்தகம் எப்படிக் கைக்கு வருகிறது, சோதனைக்கூடத்தில் என்ன நடக்கிறது, படித்தவருக்கு ஆசிரியர் நாற்காலி கிடைக்கிறதா என்ற கேள்விகளுக்கு நம் கல்லூரிகளில் பொறுப்பான ஆள் இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

நிறுவியவரை நினைத்தால்...

இந்தக் கேள்வியைக் காரைக்குடியில் நின்று கேட்பதற்குத் தனி நியாயம் உண்டு. இந்த ஊரைக் கல்வி ஊராக்கிய அழகப்பச் செட்டியார் (1909–1957) தொழுநோயோடு வாழ்ந்தவர். லண்டனில் சட்டம் படித்தவர், விமானம் ஓட்டப் பழகியவர், ஆலைகளும் விமான நிறுவனமும் நடத்தியவர். தொழுநோய் வந்தவர்களை ஊரைவிட்டே ஒதுக்கிவைத்த காலம் அது. 1947-இல் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியார் தென் மாவட்டங்களில் கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டவர் அழகப்பர். அந்த ஆண்டே காரைக்குடியில் வகுப்பு தொடங்கிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25-இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்து, அதன் பாதிப்போடு வாழ்பவர்கள் அதில் இருக்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தின் பெரிய கல்வி வளாகத்துக்கு வித்திட்டவர் அந்தப் பட்டியலுக்கு மிக அருகில் நின்றவர். ஆண்டுதோறும் அவர் சிலைக்கு மாலை போடுகிறோம். நோயுற்ற உடம்போடு ஒருவர் அறிவு வேலை செய்ய முடியும் என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்றை இந்த ஊர் எங்கே போய்த் தேட வேண்டும்? அவர் வழியில் வந்த அழகப்பா பல்கலைக்கழகத்தில் (1985) சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்கும் தனித் துறையே இருக்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பது எப்படி என்று அங்கே ஆசிரியர்கள் பயில்கிறார்கள். அந்த அறிவு இயற்பியல் துறைக்கும் வணிகவியல் துறைக்கும் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

■ பெட்டிச் செய்தி: பத்தாயிரத்தில் இருபது

*2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம் பேர்.*

*2021–22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாடு முழுதும் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் ஏறத்தாழ 4.33 கோடி. அவர்களில் மாற்றுத்திறனாளிகள் 88,748. பத்தாயிரம் மாணவருக்கு 20 பேர்.*

*அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் சட்டம் ஒதுக்கச் சொல்வது 5 சதவீதம். அதாவது பத்தாயிரத்துக்கு 500.*

பேருந்துப் படியும் திண்ணைப் படியும்

செட்டிநாட்டுக் கட்டடக்கலையே உயரத்தில் நிற்பது. தெருவிலிருந்து படிகள் ஏறித்தான் திண்ணை. அதைக் கடந்து முகப்பு, வளவு என்று ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. வள்ளல்கள் கொடுத்த கட்டடங்களில் தொடங்கிய பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் அந்த வழக்கமே வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கட்டியவர்களுக்குச் சட்டம் இல்லை. இன்று கட்டுகிறவர்களுக்கு இருக்கிறது.

புதுவயலிலிருந்தோ கல்லலிலிருந்தோ வரும் மாணவருக்குக் கல்லூரி வாசலுக்கு முன்பே பேருந்துப் படி குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணைக்கு வருபவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். ஆனால் டிக்கெட் இல்லாமல் ஏறலாம் என்பது, முதலில் ஏற முடிந்தவருக்குத்தான் சலுகை. தாழ்தளப் பேருந்துக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்தில் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருந்தது. பலன் முதலில் தெரிந்தது சென்னையில். மாவட்டங்களில் மூன்று சக்கர ஸ்கூட்டர் இருந்தால் படிப்பு, இல்லையென்றால் அப்பாவின் சைக்கிள் கேரியர்.

சாய்தளத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்லூரிகளுக்கு ‘நாக்’ குழு தரமதிப்பீடு செய்யும்போது, மாற்றுத்திறனாளிகளுக்கான வசதிகளைப் பற்றி ஒரு தனிக் கேள்வி இருந்துவந்தது. சாய்தளம் அல்லது லிஃப்ட், கழிவறை, வழிகாட்டும் பலகைகள், உதவிக் கருவிகளும் மென்பொருளும், ஸ்க்ரைப் முதலான மனித உதவி என்று ஐந்து அம்சங்கள். இருப்பதைக் குறித்து, புகைப்படம் இணைத்தால் மதிப்பெண். இந்தக் கேள்வியால் பல கல்லூரிகளில் சாய்தளம் வந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் புகைப்படத்தில் சாய்தளத்தின் சரிவு தெரியாது. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அடிப்படைக் கணக்கு. இடமில்லை என்று ஐந்தடியில் முடித்த சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது; உருண்டு பின்னால் வரும். மாற்றுத்திறனாளிகளுக்கான கழிவறை பூட்டிக் கிடந்து, சாவி யாரிடமோ இருந்தால், அதுவும் புகைப்படத்தில் தெரியாது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வகுப்பில் உட்காரும் பெண்களுக்குத்தான் அது தெரியும்.

படமாக இருக்கும் புத்தகம்

கோட்டையூர் ரோஜா முத்தையாவைத் தெரியாத தமிழ் ஆய்வாளர் இருக்க முடியாது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் உட்கார்ந்து பழைய புத்தகம், இதழ், நோட்டீஸ் என்று சுமார் ஒரு லட்சம் அச்சுப் பொருள்களைச் சேர்த்தவர். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அந்தச் சேகரம் சென்னையில் நூலகமானது. தமிழ் ஆய்வுக்குச் செட்டிநாடு தந்த பெரிய சொத்து அது.

அந்த மாதிரியான பழைய நூல்கள் நுண்படமாகவும் ஸ்கேன் பக்கங்களாகவும்தான் காக்கப்படுகின்றன. பார்வையுள்ளவருக்கு அது புத்தகம். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெறும் படம். அதில் வாசிக்க ஒன்றுமில்லை. தமிழ் படிக்கும் பார்வையற்றவர் ஒவ்வொருவரும் முட்டிக்கொள்ளும் சுவர் இது. பேராசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பாடக்குறிப்பு, புத்தகப் பக்கத்தை அலைபேசியில் எடுத்த படமாக இருக்கும். பழைய வினாத்தாள் கிடைத்தால் அது ஏதோ ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சானது. மென்பொருள் வாசித்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக உளறும். தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்குப் பிறகும் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள் உயிரோடு இருக்கின்றன. யாரோ ஒருவர் சோம்பலாகப் பழைய எழுத்துருவில் அடித்த ஒரு பாடக்குறிப்பு, இன்னொருவருக்கு ஒரு தாளையே இழக்க வைக்கிறது.

எப்படிச் செய்யலாம் என்பதற்கும் தமிழிலேயே முன்மாதிரி உண்டு. 1998-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க இலக்கியம் முதலாகப் பல நூல்களைத் தட்டச்சு செய்து வைத்தது. அவை எழுத்தாக இருப்பதால் குரலாக மாறுகின்றன. தொல்காப்பியமும் சிலம்பும் ஒரு பார்வையற்ற மாணவருக்கு நள்ளிரவில் தன் அறையில், யாரையும் கெஞ்சாமல் கிடைக்கின்றன. உரைகளும் ஆய்வு நூல்களும் அப்படிக் கிடைப்பதில்லை. ஆய்வு என்பதே அவற்றில்தான் இருக்கிறது.

சட்டத் தடை எதுவும் இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் வாசிக்கத்தக்க வடிவுக்கு ஒரு நூலை மாற்ற அனுமதிக்கிறது. இதற்கான உலக ஒப்பந்தமான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடே இந்தியாதான். ஒரு கல்லூரி நூலகத்தில் ஸ்கேனர் இருக்கிறது; எழுத்துணரி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது; மெய்ப்புப் பார்க்க நாட்டுநலப்பணித் திட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். பருவத்துக்குப் பத்து நூல் என்று ஒரு தமிழ்த்துறை எடுத்துக்கொண்டால் மூன்றாண்டில் ஒரு பட்டப்படிப்பின் பாடநூல்கள் ஏறக்குறைய முழுதும் வந்துவிடும். இதைச் செய்யச் சொல்லி ஒருவருக்கு ஆணை போட வேண்டும். அவ்வளவுதான் தேவை.

“ஹிஸ்டரி எடுத்துக்கம்மா”

பார்வையற்ற மாணவர்கள் ஏன் தமிழிலும் வரலாற்றிலும் குவிகிறார்கள்? விருப்பத்தால் வந்தவர்கள் நிச்சயம் உண்டு. ஆனால் பலருக்குப் பதினோராம் வகுப்பிலேயே வழி அடைக்கப்பட்டுவிட்டது. “சயின்ஸ் குரூப்பா? லேப்ல என்ன பண்ணுவ? ஹிஸ்டரி எடுத்துக்கம்மா.” அன்போடு சொல்லப்படும் அறிவுரை. இதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. அதனால்தான் எதிர்த்துப் பேசவும் முடிவதில்லை.

டெல்லியின் பார்வையற்ற மாணவர் கார்த்திக் சாஹ்னி பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கவே வாரியத்தோடு போராட வேண்டியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் வாங்கினார். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் அவருக்குத் தேவையான ஏற்பாடு மறுக்கப்பட்டது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு 2013-இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. மூன்று வயதில் பார்வை இழந்த கீரத் வெர்மெய், சிப்பிகளை விரலால் தடவி அறிந்தே உலகின் முன்னணிப் பரிணாம உயிரியலாளர்களில் ஒருவரானார். பிறவியிலேயே பார்வையற்ற ஹோபி வெட்லர் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார். மின்வேதியியலுக்கென்றே ஆய்வகம் உள்ள ஊரில் இருந்துகொண்டு, நம் பிள்ளைகளுக்கு வேதியியல் ஆகாது என்று முடிவு கட்டுவது எனக்கு வலிக்கிறது.

சரி, வரலாறே எடுத்தாயிற்று. கீழடிக்குக் களப்பயணம். நம் மாவட்டத்து மண். மற்றவர்கள் குழிக்குள் எட்டிப் பார்த்து, அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிகளைப் படம் எடுக்கும்போது இந்த மாணவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்; அல்லது “உனக்கு அலைச்சல், வரவேண்டாம்” என்று விடுப்புக் கொடுத்துவிடுவார்கள். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்து விரலுக்குத் தட்டுப்படும் எழுத்து! கண்ணால் பார்ப்பவருக்கு முன்பே ‘ஆதன்’ என்ற பெயரை விரலால் வாசிக்கக்கூடியவர் அவர். சுடுமண்ணில் நாலைந்து மாதிரிகள் செய்து துறையில் வைத்தால் போதும். இந்தப் பகுதியில் மண்ணை வனையத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

காது கேளாதவர்களின் நிலை இதைவிடக் கடினம். அவர்களுக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்பு நடத்தும் அரசுக் கல்லூரி என்றால் சென்னை மாநிலக் கல்லூரியைத்தான் சொல்ல வேண்டும். காரைக்குடிப் பெண் நானூறு கிலோமீட்டர் போக வேண்டும். எத்தனை வீட்டில் அனுப்புவார்கள்? உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாத வகுப்பில் மூன்றாண்டு உதடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆசிரியர் கரும்பலகையில் எழுதத் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாடம் அறுந்துபோகும்.

இன்னும் கண்ணுக்கே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். தலசீமியாவுக்காக மாதந்தோறும் ரத்தம் ஏற்றிக்கொள்பவர், ஹீமோஃபிலியா உள்ளவர், மனநோய்க்கு மருந்து எடுப்பவர் எல்லோரும் சட்டத்தின் 21 வகைக்குள் வருகிறார்கள். இவர்களை வீழ்த்துவது 75 சதவீத வருகைப்பதிவு. மருத்துவமனைக் கட்டிலில் இருந்த நாளும் ‘ஆப்சென்ட்’தான். துறைத்தலைவர் நல்லவராக இருந்தால் தப்பிக்கலாம். உரிமை என்று சட்டம் எழுதியதை ஒருவரின் நல்ல மனத்தை நம்பி வாங்க வேண்டியிருக்கிறது.

■ பெட்டிச் செய்தி: நீதிமன்றம் சொன்னவை

*2017 டிசம்பர்: 5 சதவீத இடஒதுக்கீட்டை உயர்கல்வி நிறுவனங்கள் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.*

*2021 பிப்ரவரி, விகாஷ் குமார் வழக்கு: எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்பு உள்ளவர். 40 சதவீத ஊனச் சான்று இல்லை என்பதற்காக ஸ்க்ரைப் மறுக்க முடியாது என்று தீர்ப்பு.*

*2024 அக்டோபர், ஓம்கார் கோண்ட் வழக்கு: குறிப்பிட்ட சதவீதக் குறைபாடு இருப்பதாலேயே ஒருவரை மருத்துவப் படிப்புக்குத் தகுதியற்றவர் எனத் தள்ளக் கூடாது, அவரால் படிக்க முடியுமா என்று ஆராய வேண்டும்.*

*2024 நவம்பர், ராஜீவ் ரதூரி வழக்கு: அணுகல் வசதி விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க முடியாது; கட்டாய விதிகள் வகுக்கப்பட வேண்டும்.*

நாற்காலியின் மறுபக்கம்

இத்தனையும் தாண்டிப் படித்தவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் பிறந்து, பதின்மூன்று வயதில் வெடிவிபத்தில் இரு கைகளையும் இழந்த மாளவிகா ஐயர், ஸ்க்ரைப் வைத்துப் பத்தாம் வகுப்பு எழுதி, சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் முனைவர் பட்டம் வரை போனார். மாற்றுத்திறனாளிகளை இளைஞர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதே அவர் ஆய்வு. முனைவர் பட்ட விதிகளும் இப்போது கொஞ்சம் இளகியிருக்கின்றன. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022 விதிகள் ஆறாண்டு உச்சவரம்புக்கு மேல், 40 சதவீதத்துக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களுக்கு இரண்டாண்டு கூடுதலாகத் தருகின்றன.

பட்டம் வாங்கிய பிறகு? அரசுப் பணியில் 4 சதவீதம் அவர்களுக்கு. ஆனால் பணியிடம் நிரப்பப்பட்டால்தானே ஒதுக்கீடு! தமிழக அரசுக் கலைக் கல்லூரிகளில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. தேர்வு, சொன்ன ஆகஸ்டில் நடக்கவில்லை. நிரந்தர நியமனம் தள்ளிப்போகும் ஆண்டுகளில் கல்லூரிகளை நடத்துவது கௌரவ விரிவுரையாளர்கள். மாதம் 25,000 ரூபாய். அதுவும் எல்லா மாதமும் இல்லை. பார்வையற்ற ஒருவர் அந்தத் தொகையில் வாசித்துச் சொல்ல ஆள் வைக்க வேண்டும், ஆட்டோவுக்குக் கொடுக்க வேண்டும். 2013-இல் பார்வையற்ற பட்டதாரிகள் வேலை கேட்டுச் சென்னைத் தெருக்களில் நாள்கணக்காக உட்கார்ந்தார்கள். கையில் எம்.ஏ.வும் பி.எட்.டும் வைத்திருந்தவர்கள்.

ஆசிரியர் நாற்காலியில் அவர்கள் இல்லாததன் விளைவு மாணவர் மேல் விழுகிறது. பாடத்திட்டக் குழுவில், தேர்வுக் குழுவில், கட்டடக் குழுவில் இதை வாழ்ந்து அறிந்தவர் இல்லை. அதனால் ஸ்க்ரைப்பைப் பருவத் தொடக்கத்திலேயே நியமித்துப் பழகவிடலாம் என்ற சின்ன யோசனைகூட யாருக்கும் தோன்றுவதில்லை.

1962-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எட் ராபர்ட்ஸ், போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவற்றவர். அவருடைய சுவாச இயந்திரத்தைத் தாங்கும் விடுதி அறை இல்லை என்பதால் வளாக மருத்துவமனையில் தங்கவைத்தார்கள். அடுத்தடுத்து அவரைப் போன்றவர்கள் அங்கே வந்துசேர, அந்த மருத்துவமனைத் தளத்திலிருந்தே அமெரிக்காவின் சுயவாழ்வு இயக்கம் கிளம்பியது. அவர்கள் ஒரே இடத்தில் சேர்ந்து இருந்தார்கள், தங்கள் தேவையைத் தாங்களே சொன்னார்கள். நம் ஊர்க் கல்லூரிகளில் துறைக்கு ஒருவராகத் தனித்தனியே இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது.

ஜூனில் கேட்க வேண்டியவை

சேர்க்கை தொடங்கும்போது பெற்றோரும் மாணவரும் கேட்கலாம், கேட்க வேண்டும். இந்தப் பிரிவில் 5 சதவீதத்துக்கு எத்தனை இடம், போன ஆண்டு எத்தனை நிரம்பியது? அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி எதுவும் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது. வாயால் சொல்லாவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தில் வாங்கலாம். வயது வரம்பில் ஐந்தாண்டுத் தளர்வு உண்டு என்பதைச் சேர்க்கை மேசையில் இருப்பவருக்கு நாமே நினைவூட்ட வேண்டியிருக்கும். தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் இருக்கிறது. ஸ்க்ரைப்பைத் தாமே அழைத்துவரவும் அதில் வழி இருந்தது. ஸ்க்ரைப் வேண்டும் என்ற கடிதத்தைத் தேர்வுக்கு முந்தின வாரம் வரை வைத்திருக்காமல், வகுப்பு தொடங்கிய முதல் மாதமே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.

கல்லூரி மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் மனு கொடுக்கலாம்; அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய சில அதிகாரங்களைச் சட்டம் தந்திருக்கிறது. சட்டத்தை மீறுபவருக்கு முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், அடுத்தடுத்த முறை ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இருக்கிறது. மனுவில் தேதியும், கேட்டது என்ன, கிடைத்த பதில் என்ன என்பதும் இருக்கட்டும். முத்திரை விழுந்த அந்தக் கடிதத்தின் நகலையும் இணையுங்கள்.